பாட்டில்மேல் எழுதிய பேர்

“புழு முட்டைன்னு போட்டிருக்காங்க, படிச்சயா இல்லியா—”

“மாத்திரை குடுத்தாப் போயிரும்னு டாக்டரே சொன்னாருங்க—”

“வயித்துல அஞ்சு மாசம். அதை வெச்சுக்கிட்டு—”

“கொஞ்சம் சொல்றதக் கேளுங்க—”

“என்னத்தக் கேக்கறது? சோதனையில சுத்தம்னு வந்தா இருக்கட்டும், இல்லீன்னா போகட்டும். நீதான சொன்ன?”

அவள்தான் சொன்னாள்.

கணவன் கட்டிலுக்கடியில் கையை விட்டான். சுண்டு சீறியது. புறங்கையில் நீளமாய் ஒரு கீறல். பிறகு சாக்குக்குள் போனது.

அவள் கையிலிருந்த ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூனையின் பேர்: சுண்டு. மலத்தில் புழு முட்டைகள். நிறைய.

சுண்டு ஊர் சுற்றும். பல்லி தின்னும். போன வாரம் ஒரு எலிவாலைக் கொண்டுவந்து அவள் செருப்பின்மேல் வைத்துவிட்டுப் போனது. அதன் பீயைச் சோதனைக்குக் கொடுத்தால் என்ன வருமோ என்று அவளுக்குப் பயம்.

மாடிவீட்டுப் பூனை வெள்ளை. பாக்கெட் தீனி. வாசற்படி தாண்டாது.

மாடிக்காரர்கள் கல்யாணத்துக்குப் போன இரண்டு நாளும் வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. தீனி வைக்கப் போனவள், அந்தப் பூனை வெளிக்கிருக்கும் மணல் தட்டிலிருந்து ஐஸ்குச்சியால் வழித்தெடுத்தாள். பாட்டிலில் அடைத்தாள். பிளாஸ்திரி ஒட்டி, சுண்டு என்று எழுதினாள்.

தலைக்குமேல் ஏதோ உருண்டது. டம்ளராக இருக்கும்.

அதன் பின்னாலேயே, சின்னக் கைகள் தரையைத் தட்டித் தட்டிப் போகும் சத்தம்.

மாடிவீட்டுக் கவினுக்குப் பத்து மாதம்.

மணல் தட்டு அவர்கள் பால்கனியில், தரையோடு தரையாக இருக்கும்.

“பல்லு வருது கண்ணு, அகப்பட்டதெல்லாம் வாய்க்குத்தான்” என்று அவன் அம்மா சுமித்ரா அக்கா சிரித்தது நேற்றுத்தான். ஒரு மாதமாக அவனுக்கு இருமல். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை.

சொன்னால், அவள் செய்தது தெரிந்துவிடும். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பூனையின் பீயைச் சோதனைக்குக் கொடுத்தவள்.

சொல்லாவிட்டால்?

மேலே கவின் இருமினான்.

அவள் நிமிர்ந்தாள். இன்னொரு தடவை இருமினான்.

கணவன் சாக்கோடு படியிறங்கினான். அவள் ரிப்போர்ட்டோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

கதவு திறந்தது. அக்காவின் இடுப்பில் கவின். நாலு விரலும் வாயில். காலடியில் வெள்ளைப் பூனை, அவளைத் தெரிந்த மாதிரி வந்து உரசியது.

கீழே செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. அவன் அண்ணாந்து பார்க்கிறான் என்பது திரும்பாமலே தெரிந்தது.

“அக்கா, அவன் வாயிலிருந்து கையை எடுங்க. இது சுண்டுவோட ரிப்போர்ட் இல்லீங்க.”