விரல் பொறுக்கும் சூடு

ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

கையில் ஒரு ஈஸ்ட் பாக்கெட். இன்னொன்று உள்ளே, மோர்மிளகாய் டப்பாவுக்குப் பின்னால்.

கையில் இருப்பது புதிது. வீட்டில் பீர் காய்ச்சும் சாமான் விற்கிற கடைப் பெண் எடுத்துக் கொடுத்தது. தனி வாசனை எதுவும் வராது, வம்பும் பண்ணாது, தைரியமாகப் போடுங்கள் என்றாள்.

உள்ளே இருப்பது தேதி முடிந்தது. கூட்டாளி சுயம்பு வாங்கி வைத்தது.

அன்றைக்குக் கடையில் சுயம்பு பண்ணிய கூத்து கொஞ்சமா? ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பித் திருப்பி வாசித்தான். இது குளிரிலும் வேலை செய்யும். இது சூடு கேட்கும். இது சீக்கிரம் அடியில் படியும். முதல் தடவைக்கு ஒன்று போதும் என்றால் கேட்கவில்லை. அடுத்த தடவைக்கு என்று கோதுமை பீர் ஈஸ்ட் ஒன்றையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அதைப் போட்டால் பீரில் பூவன் பழ வாசனை வருமாம்.

காய்ந்த துகளுக்குள் பழம் எங்கே இருந்து வரும் என்று இவன் சிரித்தான்.

வருமா வராதா என்பது இன்றுவரை தெரியவில்லை. இருவரும் சேர்ந்து போட அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை.

கராஜில் வாளி நிறைய மால்ட் சாறு, பீராக வேண்டிய பார்லிக் கஷாயம், ஆறிக் கிடக்கிறது. இன்றைக்குள் ஈஸ்ட் போட்டாக வேண்டும். போடாவிட்டால் காற்றில் திரிகிற வேறு ஏதாவது கிருமி உள்ளே குடியேறிவிடும்.

போன தடவை குடியேறியது.

குடியேற்றியவன் சுயம்பு. மெல்பர்னில் இட்லிக் கடை போட்டிருந்த பாளையங்கோட்டைக்காரன். ஈஸ்ட்டைத் தூவிய கையோடு, முழங்கை வரை வாளிக்குள் விட்டுக் கலக்கிவிட்டான். தினமும் மாவு கரைத்த கை சும்மா இருக்குமா? கைச்சூடு பட்டால்தான் பொங்கும் என்று வேறு சொன்னான். பீரில் கை படவே கூடாது. ஒரு வாரத்தில் வாளி புளித்து நாறியது.

எரிச்சலில் இவன் கேட்டுவிட்டான்.

"நீ கை வச்சது எதுதாம்ல விளங்கிருக்கு?"

சுயம்புவின் கடைக்குப் பூட்டு விழுந்த மாதம் அது.

வாளியைத்தான் சொன்னேன் என்று அன்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சுயம்பு வாளியைக் கவிழ்த்துக் கொட்டினான். கையைக் கழுவினான். ஈரத்தைக்கூடத் துடைக்காமல் போய்விட்டான். அப்புறம் இந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. கோவிலில் எதிரே பார்த்தால் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறான்.

இந்த ஊரில் ஏல என்று கூப்பிட இவனுக்கு வேறு ஆள் கிடையாது.

பழைய பாக்கெட்டை எடுத்தான்.

இதில் உயிர் இருந்து பொங்கினால் சுயம்புவுக்குப் போன். இல்லாவிட்டால் புதுசு. தன் ரோஷத்தைத் தூக்கி ஈஸ்ட்டின் தலையில் வைத்தாயிற்று.

கொதித்து ஆறிய தண்ணீர், அரை டம்ளர். வெளிப்பக்கம் விரலை வைத்துப் பார்த்தான். பொறுக்கும் சூடு. ஒரு சிட்டிகை சர்க்கரை. பாக்கெட்டின் வாயை வெட்டித் தூவினான். வறுத்த ரவை மாதிரி மேலே மிதந்தது.

கலக்கக் கூடாது. தொடக் கூடாது. சும்மா விட வேண்டும்.

சும்மா விடுவது இவ்வளவு பெரிய வேலையா?

குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். ரவை ரவையாகவே இருந்தது. காய்ந்து கிடக்கிறதா, செத்துக் கிடக்கிறதா? வெளியில் இருந்து எப்படித்தான் கண்டுபிடிப்பது?

மூக்கைக் கொண்டுபோனான். பழமாவது கிழமாவது. ரொட்டிக் கடை வாசனைதான்.

செத்துத்தான் போச்சு போல. போன் பண்ண வேண்டாம் என்று நிம்மதியாக இருக்க வேண்டியது. டம்ளரைக் கொட்டாமல் மறுபடியும் குனிந்தான்.

ஒரு துகள் அசைந்தது.

அதிலிருந்து பால் கசிந்த மாதிரி ஒரு கோடு கீழே இறங்கியது. பக்கத்தில் இன்னொரு கோடு. தண்ணீர் கலங்கிப் பழுப்பானது. ஓரத்தில் ஒரு குமிழ். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் மேடு தட்டி, நுரை மேலே ஏறியது.

அட கள்ளப்பயலே, என்றான் ஈஸ்ட்டைப் பார்த்து.

ஒரு கையில் டம்ளர். மறு கையில் போன்.

மணி போகும்போதுதான் யோசனை வந்தது. பொங்கிவிட்டது என்று சொல்லலாம். சரி, சந்தோஷம் என்பான் சுயம்பு. வைத்துவிடுவான். மன்னிப்பு என்ற வார்த்தை இவன் வாயிலும் வராது, அவன் காதிலும் ஏறாது.

அந்தப் பக்கம் எடுத்த சத்தம். மூச்சு மட்டும் கேட்டது.

நுரை விளிம்பைத் தாண்டி இவன் விரல்களில் வெதுவெதுவென்று வழிந்தது.

"ஏல சுயம்பு, ஈஸ்ட்டு பொங்கவே மாட்டேங்கு. நீ ஒரு எட்டு வந்து கை வச்சிட்டுப் போயேன்."