மூன்று நொடி

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணே?" என்று நான் கேட்டதற்கும் பதில் வந்ததற்கும் நடுவே மூன்று நொடி இருந்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

கடிதக் காலத்திலேயே தேவசகாயம் அண்ணன் பாதித் தாளை வெறுமையாக விட்டு அனுப்புபவர். இன்றைய கைபேசி அதற்கு இடம் தருவதில்லை. மூன்று நொடி பேசாதிருந்தால், நாம் வழக்கமாகச் சொல்வதை நம் குரலிலேயே அது எதிர்முனையில் இருப்பவரிடம் சொல்லிவிடும்.

"வாயுப்பிடிப்புதான்லே. லீவு போட்டு அலையாத" என்றது அண்ணன் குரல்.

அண்ணனைப் பார்க்க நான் தூத்துக்குடிக்குப் போகவில்லை.

அண்ணனை அடக்கம் செய்த அன்று மதினி கேட்டார்: "நாலு மாசந்தான்னு டாக்டர் சொன்னத ஒங்கிட்ட சொல்லத்தான் போன் போட்டாவ. சொல்ல முடியாம அழுதுகிட்டுல்லா இருந்தாவ. நீ ஏன்யா வரல?"

மதினி இப்போது ஓசூரில் மகளோடு இருக்கிறார். மாதம் ஒருமுறை நான் போய் அவர் அருகில் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.