ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன்

“டேய், இது பொண்ணே இல்லடா. மெஷின்!”

கண்ணாடிக் கடை கவுன்டரில் இருந்த அக்கா, அவனுடைய போனைப் பிடுங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஃப்ரேமில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

“சும்மா இரு, அக்கா. அவங்க டெய்லர்.”

“எந்த டெய்லருடா டேட்டிங் ஆப்ல ‘தங்கள் செய்தி கண்டு மகிழ்ந்தேன்’னு எழுதுவா? நீ ‘சாப்டாச்சா’ன்னு கேட்டா ‘உணவருந்திவிட்டேன்’கிறா. போன் பண்ணா எடுக்கிறாளா?”

“எழுதுனா போதுங்கிறாங்க.”

“அதான் சொல்றேன். எவனோ கம்ப்யூட்டரை வெச்சு உன்னை நல்லா ஏமாத்துறான்.”

மூன்று வாரமாக அவள் செய்தி இல்லாமல் அவனுக்குப் பொழுது விடிந்ததில்லை. கோணலாக வெட்டிய லென்ஸைப் படமெடுத்து அனுப்பியபோது, ‘இதை அணிபவர் பக்கத்து வீட்டுக்காரரை மாமனார் என்று அழைப்பார்’ என்று எழுதியவள். அவளை இழந்துவிடக் கூடாது என்றுதான் இருந்தது. ஆனாலும் அக்கா மூட்டிய சந்தேகம் விடவில்லை.

‘நீங்க நிஜமாவே பொண்ணுதானா? எல்லாரையும் போல சாதாரணமா ரெண்டு வரி எழுதுங்க, நம்புறேன்’ என்று அனுப்பிவிட்டான்.

பதில் பறந்து வந்தது.

‘உங்களுக்காக ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். எனக்கு வரும் தமிழ் இதுதான். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். துணிச்சல் இருந்தால் ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பூங்கா வாசலுக்கு வாருங்கள்.’

“அட, கோபத்துலயும் இலக்கணம் தப்பல!” என்றாள் அக்கா. “போகாதடா, அசிங்கப்படுவே.”

“மெஷினா இருந்தாலும் பரவாயில்லக்கா. இவ்வளவு ரோஷமா என்னை யாரும் திட்டினதில்ல. போகத்தான் போறேன்.”

ஞாயிறு நான்கு மணிக்கு அவள் பூங்கா வாசலில் நின்றாள். படத்தில் பார்த்த அதே பெண். முகம் கடுகடுவென்று இருந்தது.

அவன் கைகூப்பினான். “மன்னிச்சிடுங்க. அக்கா பேச்சைக் கேட்டுக் கிறுக்குத்தனமா எழுதிட்டேன். நீங்க எப்படி வேணா பேசுங்க, எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவள் விறுவிறுவென்று போனில் எதையோ தட்டி, அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

‘உங்கள் பேச்சுத் தமிழை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிறந்தது முதல் எனக்குக் காது கேட்காது, என்னிடம் இருப்பது முழுக்கப் படித்த தமிழ். முதலிலேயே சொன்னால் எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள், அது எனக்கு வேண்டாம். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தீர்கள் என்றால், எழுதிக் கேளுங்கள்.’