அலுமினியத் துரட்டி

“அந்தக் குரங்கை விட்டுட்டு இதைப் புடி டேராமான். வேற வழி இல்ல,” என்று துரட்டியை நீட்டினார் ஹாஜி யாக்கூப்.

டேராமான் கை நீட்டவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, கால் முடியில் பேன் தேடிக்கொண்டிருந்தது ஆவாங். பாச்சோக் கடற்கரைத் தோப்புகளில் முப்பது வருடமாகக் குரங்கை மரமேற்றித் தேங்காய் பறிக்கிறவர் டேராமான். ஆவாங் அவருடைய நான்காவது குரங்கு. ஹாஜி தோப்புக்காரர். கோத்தா பாரு நகரத்தில் வீடு. மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்.

“ஏன் ஹாஜி, ஆவாங் பறிச்சா காய்ல பால் வராதாமா?”

“கிண்டல் வேண்டாம். குரங்கை வெச்சுப் பறிச்சா வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டானாம். அந்தக் காய் வேண்டாம்னு தேங்காய்ப்பால் ஃபேக்டரிக்காரன் கறாரா சொல்லிட்டான்.”

“காய்ல எழுதியா இருக்கு, யாரு பறிச்சதுன்னு?”

“வியாழக்கிழமை ஆள் அனுப்பிப் பாக்கப் போறானாம். குரங்கு வாலு கண்ணுல பட்டாலே லாரி வராது.” ஹாஜியின் குரல் தணிந்தது. “இது அலுமினியம், லேசுப்பா. இழுக்க இழுக்க நீளும். நுனியில அரிவாள். நின்ன எடத்துலயே குலையை அறுக்கலாம்.”

“எனக்கு அது சரிப்படாது.”

காய் பொறுக்கிக்கொண்டிருந்த டேராமானின் மனைவி கலிஜா கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள்.

“ஹாஜி, எனக்குக் கத்துக்குடுங்க. நான் அறுக்கறேன்.”

“நீ சும்மா இரு!” என்று அதட்டினார் டேராமான்.

ஹாஜிக்குப் பொறுக்கவில்லை. “நல்லா இருக்கு கூத்து! பொண்டாட்டி துரட்டி தூக்குவா, இவரு குரங்கைக் கொஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. புதுசா ஒண்ணு கத்துக்க உடம்பு வணங்கல, அதான் சங்கதி.”

கலிஜா ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனாள்.

“கடைசியா சொல்றேன். ஒரே ஒரு குலை. இதோ, நீ நிக்கிற இந்தக் குட்டை மரம். அறுத்துக் காட்டினா வேலை உனக்குத்தான். இல்லேன்னா நாளையிலேர்ந்து வேற ஆள்.”

இந்தத் தோப்பு போனால் டேராமான் வீட்டில் உலை கொதிக்காது. இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? வேறு தொழிலும் தெரியாது. டேராமான் கையை நீட்டினார். ஹாஜி சிரித்துக்கொண்டே துரட்டியை அதில் வைத்தார்.

“அப்படி வா வழிக்கு!”

டேராமான் துரட்டியைத் தூக்கினார். மட்டையில் இடித்தது. நகர்த்தினார். எதிலோ கொக்கி மாட்டியது. பிஸ்மில்லா சொல்லி, பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.

சடசடவென்று காய்கள் கொட்டின. ஆவாங் அலறிக்கொண்டு விலகி ஓடியது. ஹாஜி குனிந்து பார்த்தார். அத்தனையும் பச்சைப் பிஞ்சு. முற்றிக் காய்ந்த குலை மரத்தின் மறுபக்கத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

கலிஜா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடப்பாவி! முத்தின குலை அந்தப் பக்கம் பளிச்சுனு தொங்குது, பிஞ்சை அறுத்துத் தள்ளிட்டியே!” ஹாஜி கத்தினார். “உனக்கென்ன, கண்ணா அவிஞ்சுபோச்சு?”

டேராமான் துரட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“ஆமா ஹாஜி. ரெண்டு வருஷமாச்சு,” என்றார். “முத்தின காயைப் பாத்துப் பறிச்சது, என்னை மரத்துக்கு மரம் கூட்டிக்கிட்டுப் போனது, எல்லாமே ஆவாங்தான்.”