எல்லாத்தையும் காட்டும்

கம்ப்யூட்டரில் கட்டளையை அடித்துவிட்டு, என்டர் தட்டாமல் மறுபடி வாசித்தாள்.

எழுத்துப் பிழை இல்லை.

இன்னொரு முறை வாசித்தாள். மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். சரியாகச் செய்ததையும் ஒருமுறை சந்தேகப்பட்டால்தான் விரல் இறங்கும்.

பின்னால் அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கை ஜெசிந்தா ஒரு வாரமாக ஃபோனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது அவன் புகார். எந்தெந்த இணையதளத்துக்குப் போகிறாள் என்று தெரிந்தாக வேண்டும். ஏடாகூடமாக ஏதாவது இருந்தால் அவளுக்கு இந்த வருடத்தோடு காலேஜ் கிடையாது. அம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

வீட்டு வைஃபை இந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. வகுப்புப் பயிற்சிக்காக இவளே அப்படி அமைத்தது. யார் எந்தத் தளத்தைத் திறந்தாலும் காட்டிவிடும் பாதுகாப்புக் கருவி ஒன்று இருப்பதையும் இவள்தான் ஒருநாள் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னாள்.

சொல்லியிருக்க வேண்டாம்.

"ஒருத்தரை மட்டும் பாக்க முடியாதுண்ணே. வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் காட்டும்."

"காட்டட்டுமே. எனக்கென்ன பயம்?"

என்டர்.

வரிகள் ஓடின. கருவி இவ்வளவு இடம் பிடிக்கும், தொடரலாமா என்று திரை கேட்டது. ஆம் என்று தட்டினாள்.

கருவி இறங்குகிற வரைக்கும் சும்மா இருக்க அண்ணனால் முடியவில்லை. தன் ஃபோனை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நிறுவி முடிந்தது. இயக்கினாள்.

முதல் வரி வந்தது.

வீட்டு ஃபோன் ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். யாருடையது என்று குழம்ப வழியில்லை.

அண்ணன். அதற்கு நேரே, முடி நடும் மருத்துவமனை ஒன்றின் முகவரி.

அண்ணன். இன்னொரு மருத்துவமனை.

அண்ணன். வழுக்கைக்கு எண்ணெய் விற்கிற தளம்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். பெண் வீட்டுக்குக் கொடுத்த போட்டோ காலேஜில் எடுத்தது.

நாற்காலி முனகியது. அவள் திரும்பவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"எடுத்துரு," என்றான்.

எடுக்க இரண்டு கட்டளைகள் உண்டு. முதலாவதில் கருவி போய்விடும், அதற்குச் செய்த அமைப்புகள் தங்கிவிடும். இரண்டாவது எதையும் மிச்சம் வைக்காது.

இரண்டாவதை அடித்தாள். வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

நீக்கிவிடலாமா என்று திரை கேட்டது.

கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவனே அழுத்தினான்.

அப்புறமும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சுத்தமாகப் போய்விட்டதா என்று கேட்டான். கருவியின் பெயரை அடித்துக் காட்டினாள். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது திரை.

அவன் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். வீட்டுக்குள்ளேயே.

வாசலில் நின்று, "படிக்கிற புள்ள. படிச்சிட்டுப் போகட்டும்," என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியது.

இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

ஜெசிந்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டாள். ஒன்றுமில்லை என்று இவள் தலையசைத்தாள்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் கை விட்டாள்.

கட்டளையைத் தொடுவதற்கு முன்பே அணைத்து வைத்த ஃபோன்கள்.

இரண்டு.

ஒன்றைத் தங்கையிடம் கொடுத்தாள். தன்னுடையதை ஆன் செய்தாள்.

அது கையில் விட்டு விட்டு அதிர்ந்தது. செய்தி மேல் செய்தி.

ஜெசிந்தா கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

இவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.