பழைய ஊசித் துளைகள்

இவாஞ்சலின் துணிக் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு அந்தக் கறுப்பு உடையை உருவினாள்.

"அக்கா, இது எப்படி?"

பெரிய மேனேஜரின் மனைவி அதைக் கையில் வாங்கி விரித்தாள்.

கறுப்பு நெட் துணி. கையில்லாதது. இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றி வெள்ளி மணிச்சரங்கள். இடது தோளில் மூன்று மணிகள் உதிர்ந்திருக்கவேண்டும்.

தோளைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று.

அவளுடையதேதான். கல்யாணமான வருடம் கணவர் பெங்களூரிலிருந்து வாங்கிவந்தது. அந்தப் புத்தாண்டுக்கு இதைப் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனாள். அன்று அவர் அவளைவிட்டு ஒரு பாட்டுக்குக்கூட நகரவில்லை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, தையலைப் பிரித்துவிட்டும் உடம்பில் ஏறவில்லை. போன வருடம் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவரிடம் ஒரு எவர்சில்வர் வடிதட்டுக்குப் போட்டுவிட்டாள். அந்த உடை மலையைவிட்டு இறங்காமல் குன்னூர் மார்க்கெட்டின் இந்தப் பழைய துணிக்கடையிலேயே குந்தியிருக்கிறது.

"இது என்னோடது" என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. பெரிய மேனேஜர் வீட்டம்மா வடிதட்டுக்குத் துணி போட்டாள் என்று எஸ்டேட் முழுக்கச் சிரிக்கும். அதுவும் இவாஞ்சலின் வாயில் அவல் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

கிளப்புக்கு நூறு வயது ஆகிறது. சனிக்கிழமை விழாவுக்கு எல்லோரும் அது தொடங்கிய ஜாஸ் காலத்து உடையில் வரவேண்டுமாம். இவாஞ்சலின், புதிதாக வந்திருக்கும் உதவி மேனேஜரின் மனைவி. இருபத்துநாலு வயது. அவளைப் பழைய துணிக்கடைகளுக்குக் கூட்டிப்போகச் சொன்னதே பெரிய மேனேஜரான கணவர்தான்.

"பாவம், புதுப் பொண்ணு. கூட இருந்து எடுத்துக் குடு."

பாவமாம். போன வாரம் டென்னிஸ் ஆடிவிட்டு வந்து அந்தப் பாவம் சிரித்தபோது, இவர் டீக்குள் பிஸ்கட்டைத் தவறவிட்டுவிட்டுக் கடைசிவரை அதைத் தேடவே இல்லை.

அடுத்த கடையில் யாரோ ஒரு கல்யாணப் பெண் போட்டுக் கழித்த வெள்ளைக் கையுறை கிடைத்தது. அதற்கடுத்த கடையில் வார் வைத்த குதிகால் செருப்பு. கிழிந்த சேலையிலிருந்து வெட்டிய சரிகைக் கரை தலைப்பட்டைக்கு ஆயிற்று.

உடை மட்டும் இவாஞ்சலினுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"நான் பிடிச்சுத் தர்றேன்" என்றாள் அவள்.

வீட்டில் இவாஞ்சலினை நிற்கவைத்து, உடையைத் திருப்பிப் போட்டுக் குண்டூசி குத்தினாள். முன்பு பிரித்துவிட்ட பழைய தையலின் ஊசித் துளைகள் இன்னும் வரிசையாக இருந்தன. குண்டூசிகள் அந்தத் துளைகளின் மேலேயே போய் நின்றன.

ஒரு நூல் கூடவில்லை. ஒரு நூல் குறையவில்லை.

வயிறு எரிந்தது.

பொறாமைதான். அதற்கு நாகரிகமாக வேறு பெயர் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. இவாஞ்சலின் மேலா, என்றைக்கோ அந்தத் துளைகளுக்குள் அடங்கியிருந்த தன் மேலேயா என்பதுதான் விளங்கவில்லை.

தையலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். இரண்டாவது பாட்டில் விலா தெரியும்.

அப்படியும் நினைத்தாள். பிறகு அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்தது.

அந்தப் புத்தாண்டுக்குத் தான் எப்படி இருந்தாளோ, அப்படியே இவளை ஆக்கிவிடுவது. அதே பக்க வகிடு. அதே அடர்ந்த மை. கழுத்தில் இரண்டு சுற்று, மீதி தொப்புள்வரை தொங்கும் முத்துமாலை.

அவர் பார்க்கட்டும். பார்த்ததும் நினைவு வரட்டும். இவளைப் பார்த்துவிட்டு என்னைத் தேடட்டும்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அவள் இரட்டைத் தையலே போட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம்.

சாக்ஸஃபோன் தொடங்கியிருந்தது. அவள் மெரூன் ஜார்ஜெட் சேலையில், கணவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

இவாஞ்சலின் உள்ளே வந்தாள்.

கணவர் பேச்சைப் பாதியில் விட்டார்.

அவள் இவாஞ்சலினைப் பார்க்கவில்லை. அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தும்மல் வரப்போகிறவரைப்போல அவர் நெற்றி லேசாகச் சுருங்கியது.

வருகிறது. வந்துவிட்டது.

வரவில்லை. நெற்றி பழையபடி ஆகிவிட்டது.

"பிரமாதமா இருக்கு அந்த டிரெஸ்" என்றார். "நீயும் இந்த மாதிரி ஒண்ணு எடுத்திருக்கலாம்ல?"

"எனக்கு எதுக்குங்க" என்று சிரித்தாள். நாலு பேர் பார்க்கிற இடம்.

மணிச்சரங்கள் சலசலக்க இவாஞ்சலின் நேராக அவர்களிடம் வந்தாள்.

"அக்கா, சாரை ஒரு பாட்டுக்கு விடுங்களேன்."

அவள் பதில் சொல்வதற்குள் அவர் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"தாராளமா" என்றாள்.

இருவரும் நடுவே போனார்கள். அவர் கை, அவள் இரட்டைத் தையல் போட்ட இடத்தின் மேல் அமர்ந்தது.

அவர் ஆடும்போது மூன்றாவது திருப்பத்தில் இடது கால் தப்பும். குதிகால், எதிரே ஆடுகிறவளின் விரல்கள்மேல் முழுப் பாரத்தோடு இறங்கும். பன்னிரண்டு வருடமாக அவள் அந்த நொடிக்குச் சற்று முன்பே காலை இழுத்துக்கொள்கிறாள். முகத்தில் காட்டியதில்லை. தான் நன்றாக ஆடுகிறவர் என்றுதான் அவர் இன்றுவரை நம்புகிறார்.

முதல் திருப்பம் முடிந்தது.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து, அவர்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.