சரிந்த தோள்

"உங்க தகட்ட நம்பித்தான் மரத்த அறுத்தேன். வயலின் செய்யற போட்டியில நடுவர் என்ன கேட்டார் தெரியுமா? 'உன் வயலினுக்குப் பக்கவாதமா, இடது தோள் தொங்குதே'ன்னு கேட்டார். சபையே சிரிச்சுது!"

இளம் வயலின் தச்சன் தனிலோ போட்ட சத்தத்தில், இத்தாலியின் வயலின் ஊரான கிரெமோனாவின் அந்தச் சந்தே எட்டிப் பார்த்தது. ஒர்னெல்லா கூனிக்குறுகி நின்றாள்.

முன்னூறு வருடப் பழைய வயலின்களை அளந்து, அந்த வடிவத்தை அச்சுத் தகடாக வெட்டித் தருவது அவள் தொழில். அவள் தகட்டை வைத்துத்தான் பாதி ஊர் வயலின் செய்கிறது. அதில் ஓர் அரிசி அகலம் பிசகினாலும் மானம் போய்விடும்.

"பழைய ஆளுங்க கைவேலை தம்பி. அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

"செத்தவங்க மேல பழி போடாதீங்க. அசல்ல வச்சுக் காட்டுங்க, ஒத்துக்கறேன்."

அசல் இருக்கும் அருங்காட்சியகம் போகும்வரை அவளுக்கு ஒரே யோசனை. கை தவறித்தான் வெட்டிவிட்டோமோ? எதிரே வந்த தச்சர்களின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காப்பாளர் அட்டீலியோ வயலினை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசி அடிக்கவே உள்ளே போனார். தேய்ந்த வார்னிஷ், தாடை பட்டுக் கறுத்த ஓரம், பழைய கீறல்கள். ஒர்னெல்லா தகட்டை அதன் மேல் பொருத்தினாள்.

மயிரிழைகூடப் பிசகவில்லை. அதே சரிந்த தோள்!

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

"பாத்தீங்களா? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்! தெருவே பாக்க என்னை அவமானப்படுத்தினீங்களே, நீங்கள்லாம் ஒரு தொழில்காரரா?"

தனிலோவின் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா. புத்தி கெட்டுப் பேசிட்டேன். தகடு சரிதான்னு நடுவர்கிட்டயும் இப்பவே போய்ச் சொல்லிடறேன்" என்று தலைகுனிந்து வெளியேறினான்.

நல்லா வேணும் என்று நினைத்தபடி அவள் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அட்டீலியோ திரும்பி வந்தார்.

"எப்படிம்மா, நீங்களே அசந்துட்டீங்கல்ல? அசல் ஜப்பான் கண்காட்சிக்குப் போயிருக்கு. இது உங்க தகட்ட வச்சு, தேய்மானம் கீறல் உட்பட நாங்க செய்யச் சொன்ன நகல்!"